சவ்வுப் படலம்

இந்த ஏரியில் அழுக்கு என்று எதுவுமில்லை.
ஆயிரம் வருடம் ஊறிய பாசியும் பைன் ஊசியும்
கடுங்காப்பி நிறத்தில் இறங்கி வருகின்றன, அவ்வளவுதான்.
கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால்
மறுபக்கம் விரல் தெரியும்,
ரேகை தெரியாது.

சவ்வை அடைக்க அது போதும்.
ஒரு தலைமுடியை ஆயிரமாய்ப் பிளந்த அகலத்தில்
அதன் துளைகள்.
நிறம் வந்து வாசலில் நிற்கும்,
பிறகு உட்காரும்,
பிறகு கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.
அழுத்தமானியின் முள் எழுந்து
யாரையோ சுட்டும்.

லாப்லாந்தின் இந்தச் சின்ன நிலையத்தில்
இரவு வேலைக்காரர் பெயர் ஓய்வா.
தமிழ்க் காதுக்கு அது ஒரு கேள்வி.
பதில்: இல்லை.
மூன்று நாளுக்கொருமுறை குளோரின் கலந்து
முழங்கை வரை கையுறையோடு கழுவுவார்.
ஒவ்வொரு கழுவலுக்கும் சவ்வு
கொஞ்சம் மூப்பெய்தித் திரும்பும்.
அவரும்தான்.

ஓவ்லு நகரத்திலிருந்து ரௌனி வந்தாள்,
ஒரு டப்பா வெள்ளைப் பொடியோடு.
சுவர்ப் பூச்சில் கலக்கிற அதே டைட்டானியம் ஆக்சைடுதான்,
இன்னும் நுணுக்கி அரைத்தது.
அதைச் சவ்வின் மேல் பூசி
கண்ணாடிக் கூரைக்குக் கீழே
விரற்கடை ஆழத் தண்ணீரில் கிடத்தினாள்.

ஒளி பட்டால் ஓர் எலக்ட்ரான் எழுந்து போகும்.
அது விட்டுப்போன இடத்துக்குப் பசிக்கும்.
பசி தண்ணீரைக் கடிக்கும்,
கடிபட்ட தண்ணீர் வெறிகொண்டு
பக்கத்தில் படுத்திருக்கும் நிறத்தைக்
கண்ணி கண்ணியாய்க் கழற்றும்.
ரௌனி விளக்கியது இவ்வளவுதான்.
ஓய்வா கேட்டார்:
"அதற்கு எப்போது வயிறு நிறையும்?"
அவள் சிரித்தாள். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஜூனில் சூரியன் அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும்
உருண்டுகொண்டே இருந்தது.
முள் எழவில்லை.
பத்தொன்பது நாள் கழுவல் இல்லை.
கையுறைகள் ஆணியில் காய்ந்து
இரண்டு வெறுங்கைகளாக விறைத்தன.
ஓய்வா குறுக்கெழுத்துப் போட்டார்,
நள்ளிரவு வெயிலில், தொப்பி போட்டுக்கொண்டு.

டிசம்பரில் சூரியனே வரவில்லை.
விளக்கு மாட்டினோம். ஊதா விளிம்புள்ள விளக்கு.
அதற்கு மின்சாரம் கெமி ஆற்று அணையிலிருந்து.
ஒரு தண்ணீர் விழுந்து சுழன்று வெளிச்சமாகி
இன்னொரு தண்ணீரைக் கழுவுகிறதே என்று
நான்தான் வியந்துகொண்டேன்.
ஓய்வாவோ முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அது இறங்கியிருந்தது. மேலும் இறங்கியது.
"இவ்வளவு நல்லது நல்லதுக்கில்லை" என்றார்.

காலை ஆறேகாலுக்குத் தொலைபேசி.
பாலர் பள்ளிச் சமையல்காரி ஹில்யா:
"கஞ்சி பழுப்பாக இருக்கிறது.
நான் எதுவும் போடவில்லை."

நிறத்தைத் தின்று முடித்த பசி
தன்னைச் சுமந்த பிளாஸ்டிக்கைத் தின்றிருந்தது.
வேலி பயிரை மேய்ந்த கதை தெரியும்.
இது வேலிமேல் படர்ந்த கொடி
வேலியைத் தின்ற கதை.
அறிக்கையில் நான் "பொருள் தேய்வு" என்று எழுதினேன்.
ஓய்வா சொன்ன சொல்லை
அறிக்கையில் எழுத முடியாது.

இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு
லாரியில் தண்ணீர் போனது, வழியிலேயே பாதி உறைந்து.

ரௌனி பனியில் ஏழு மணி நேரம் ஓட்டி வந்தாள்.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
கிழிந்த சவ்வை மடியில் விரித்தாள்.
"அடுத்தது சுட்ட மண்ணில் செய்கிறேன்.
ஏற்கெனவே ஒருமுறை வெந்ததை
எது தின்னும்?"

ஓய்வா பதில் சொல்லவில்லை.
ஆணியிலிருந்து கையுறையை எடுத்து
உள்ளே ஊதி விரல்களைப் பிரித்தார்.
பழைய சவ்வுகள், பழைய குளோரின்,
மூன்று நாள்.

ஜனவரிக் கடைசியில் ஒரு நண்பகல்
கூரைக்கு அப்பால் மரங்களின் இடுப்பளவில்
ஆரஞ்சாக எதுவோ அசைந்தது.
ஓய்வா அந்தக் கிழிசலை எடுத்து
ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

ஓட்டை ஓட்டையாக
அவர் முகத்தில் விழுந்தது,
வடிகட்டாத வெயில்.