சல்லடைக்குக் கீழே

மார்ச் மாதம் எங்கள் தீவில்
மரச்சட்டங்களில் காட் மீன் காயும்.
உடல் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.
லொஃபோட்டனுக்குப் புதிதாக வருகிறவர்கள்
பேருந்தை விட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்துவார்கள்.
நாங்கள் பணவாசனை என்போம்.
என் தம்பி ஐலிவ் எதுவும் சொல்ல மாட்டான்.

சிறுவயதில் இருவரும் மீன்நாக்கு அறுத்தோம்.
ஆணியில் தலையைக் குத்து, இழு, ஒரே வெட்டு.
அழுகிய பெட்டி வந்தால்
அவனைத்தான் கூப்பிடுவார்கள். போவான்.
பொறுமைசாலி என்று அம்மா பெருமைப்பட்டாள்.
பொறுமை இல்லை அது.
அந்தப் பெட்டியில் அவனுக்கு ஒன்றுமே இல்லை.

பதினெட்டு முடிந்தும் குரல் உடையவில்லை.
தேவாலயப் பாடகர் குழுவில்
சிறுவர்களோடு முன்வரிசையில் நின்றான்,
எல்லோரையும்விட உயரமாக.
அந்தக் கிறிஸ்துமஸுக்கு யாரோ சிரித்துவிட்டார்கள்.
மறுநாள் சவரக்கத்தி வாங்கிவந்து
வெறும் கன்னத்தில் இழுத்துக்கொண்டிருந்தான்.
கதவைத் திறந்தேன்.
மூடிவிட்டேன்.

திரோம்சோ மருத்துவமனையில்
குப்பிகளை ஒவ்வொன்றாக நீட்டினார்கள்.
காப்பி. கிராம்பு. தார்.
"தண்ணியா?" என்றான், மூன்றுக்கும்.

டாக்டர் சின்னவ பென்சிலால் ஒரு மூக்கு வரைந்தார்.
கரு ஏழெட்டு வாரமாக இருக்கும்போது
சில ஆயிரம் செல்கள் அங்கிருந்து கிளம்புமாம்.
முகர்நரம்பைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு,
பின்னாளில் எலும்புச் சல்லடை ஆகப்போகும் இடத்தைத் தாண்டி,
மூளைக்குள் ஏறி உட்காருமாம்.
பத்துப் பன்னிரண்டு வருடம் சும்மா இருக்கும்.
பிறகு தட்டும்:
மீசை முளைக்கட்டும், குரல் உடையட்டும்.

"தூரம்?" என்று கேட்டேன்.
"ஓர் அரிசிமணி" என்றார்.

அந்தக் கயிறு போய்ச் சேர ஒரு புரதம் வேண்டும்,
அதைச் செய்ய ஒரு மரபணு.
ஐலிவுக்கு அதில் ஓர் எழுத்துப் பிழை.
செல்கள் செத்துப்போகவில்லை;
சல்லடைக்குக் கீழே கூடி
அப்படியே நின்றுவிட்டன.

பாரன்ட்ஸ் கடலிலிருந்து
ஆண்டுதோறும் நீந்தி வருகிறது எங்கள் மீன்.
ஊரில் அதற்குப் பெயரே அலைபவன்.
வழி எப்படித் தெரிகிறது என்று
அப்பா ஒருநாளும் கேட்டதில்லை.
வந்தது, வலை போட்டார்.

எக்ஸ் குரோமோசோம், என்றார் டாக்டர்.
அம்மா கையுறையை மடித்தாள், விரித்தாள்,
மறுபடி மடித்தாள்.
"ஹால்வார்" என்றாள்.

ஹால்வார் மாமா.
மணம் அறியாதவர், அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும்.
புளித்த பாலைக் குடித்துவிட்டு நன்றி சொல்வார்.
மழமழத்த முகம், நீண்ட கைகள்,
ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுச் சாப்பாடு.
ஊர் அவருக்கு வைத்த பெயரை
இங்கே எழுத மாட்டேன். நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.
எந்தத் தாய்மாமனும் தெரிந்து
இப்படி ஒரு சீர் செய்வதில்லை.

ஊசி தொடங்கி ஏழு மாதம்.
ஜூனில், நள்ளிரவிலும் மறையாத வெயிலில்,
படகிலிருந்து யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
அப்பா என்று நினைத்துத் திரும்பினேன்.
ஐலிவ்.
அவனும் பயந்துபோயிருந்தான்,
வாயைக் கையால் மூடிக்கொண்டு.

மூக்கு மட்டும் திறக்காது என்று
முன்பே சொல்லிவிட்டார்கள்.
அந்த வழி ஒருமுறைதான் போடப்படுமாம்.

எனக்கும் ஒரு படிவம் வந்திருக்கிறது.
பாதிக்குப் பாதி வாய்ப்பு;
எனக்கு வந்திருந்தாலும் என்னில் தெரியாது,
நான் பெறும் மகனில் தெரியலாம்.
கையெழுத்து இடத்தில் ஒரு சிறு சிலுவைக் குறி.
மீன்கத்திகள் கிடக்கும் இழுப்பறையில்
மூன்று வாரமாகக் கிடக்கிறது.

காலையில் ஐலிவ்
பால் பெட்டியைத் திறந்து என் பக்கம் நீட்டுகிறான்,
தாடையில் ரத்தப்பொட்டு, கரகரத்த குரல்:
"பாரேன்."

முகர்ந்து பார்க்கிறேன்.
குடி, என்கிறேன்.