எடுத்த நடவடிக்கை

பாபநாசம் டெப்போ. புகார்ப் பதிவேட்டில்
டிரைவர் சுடலைமாடசாமியின் சாய்ந்த கையெழுத்து:
“வண்டி கலகலங்குது. பார்க்கவும்.”

எந்த இடம் என்று எழுதவில்லை.
பிரேக் என்றால் பிரேக், கிளட்ச் என்றால் கிளட்ச்.
கலகலவுக்கு எந்த போல்ட்டை முறுக்க?

இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருள் தராது என்று
எட்டாம் வகுப்பில் எழுதி ஒரு மார்க் வாங்கியவன் நான்.
பிறகு ஃபிட்டராகி,
பிரித்தால் மட்டுமே பொருள் தரும் சாமான்களோடு
இருபத்திரண்டு வருஷம்.

சரி, ஏறிப் பார்ப்போம்.
காலை ஆறே முக்கால், முக்கூடல் டிரிப்,
பின் சீட்டு, மடியில் பதினாலாம் நம்பர் ஸ்பானர்.

பாப்பாக்குடி வரைக்கும் தகரம் மட்டும் பேசியது.
ஜன்னல் சட்டம். கூரைத் தகடு.
படிக்கட்டில் ஒரு ரிவெட்.
காதிலேயே குறித்துக்கொண்டேன்.

பாப்பாக்குடியில் பீடித்தட்டுகள் ஏறின.
முப்பிடாதி, மைதீன் பாத்து, செல்லக்கிளி, ஞானப்பூ,
பேர் தெரியாத இன்னும் இருபது பேர்.
முப்பிடாதியின் புருஷன்
கல்யாண வீட்டுக்காக மீசைக்கு டை அடித்து
காயுமுன் மோர் குடித்துவிட்டானாம்.

அப்போதுதான் கேட்டது அந்தச் சத்தம்.
முதலில் சிரித்தது கண்ணாடியா, மைதீன் பாத்துவா,
என் காதுக்குப் பிடிபடவில்லை.
கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே சிரித்ததில்
வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது.

பாதியைக் கழற்றிப் பார்த்தேன்: கல.
கலந்துகொள் என்கிறது.
மறுபாதியும் அதையேதான் சொல்கிறது,
முதல் தடவை காதில் விழாதவனுக்கு.

ஆனால் எங்கள் பட்டறையில்
கலகலத்துப் போச்சு என்றால் மூட்டு விட்டது என்று அர்த்தம்.
கட்டில். கதவு. சில குடும்பம்.
மூட்டு விட்டால்தான் சிரிப்பும் வரும்போல.
விடியக்காலை நாலு மணிக்கே இறுகிப்போன
விரல், தோள், இடுப்பு
ஒவ்வொரு நட்டாகக் கழன்றுகொண்டிருந்தது அந்த வண்டியில்.

திரும்பும் டிரிப்பிலும் நான் இருந்தேன்.
ஆயிரத்துக்கு நூற்றைம்பது கழிவு என்று
ஒதுக்கித் தள்ளிவிட்டானாம் கணக்கன்.
யாரும் பேசவில்லை.
தகரம் தனியாக ஆடுவதைக் கேட்கச் சகிக்கவில்லை.

விலக்கு வருமுன் செல்லக்கிளி எழுந்தாள்.
“அவன் தட்டுல அவனே சுத்திப் பாக்கட்டும்ட்டி.
நாளைக்கு ஒருத்தியும் இலை வாங்கக் கூடாது.”
ஒரு குரல், எட்டு, பிறகு எண்ண முடியவில்லை.
அதே ஜன்னல், அதே கூரை, அதே ரிவெட்.

கலகம் வேறு வீட்டுப் பிள்ளை,
வடக்கேயிருந்து வந்தது, முகச்சாடை தற்செயல்
என்பார்கள் படித்தவர்கள். இருக்கலாம்.
ஒரே வண்டியில் இரண்டும் வந்ததைப் பார்த்தேன்,
அவ்வளவுதான்.

ராத்திரி பதிவேட்டைத் திறந்து
‘எடுத்த நடவடிக்கை’ கட்டத்தில் எழுதினேன்:
“படிக்கட்டு ரிவெட் ஒன்று மாற்றப்பட்டது.
மற்றது வண்டியின் சத்தம் இல்லை.”