நேர மண்டலம்

நாற்பது வெள்ளிக்கு வாங்கிய பழைய மடிக்கணினி.
விண்டோஸ் அதில் ஏறமுடியாமல் மூச்சுவாங்கியது.
காசில்லா லினக்ஸை
விரலளவு யூஎஸ்பியில் போட்டுத் தந்தான்
ஈசூன் வீட்டில் எதிர்க்கட்டில் ஆரோக்கியம்.

வட்டிலுள்ள யாவும் அழியும், சம்மதமா?
யாருடையதோ. அழியட்டும்.

பிறகு ஓர் உலக வரைபடம்:
எங்கே இருக்கிறாய், காட்டு.
தொட்டேன். கோலாலம்பூர் என்றது.
கொஞ்சம் கீழே, ஜகார்த்தா.
சுட்டியின் முனையைவிடச் சின்ன ஊர்.
எனக்கும் பெர்மிட்
மூன்றாம் தடவைதான் கிடைத்தது என்று
அதனிடம் சொல்லவில்லை.

கடவுச்சொல் கேட்டது.
தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.
விசைப்பலகை செத்துவிட்டதென்று கையெடுத்தேன்.
"அடிடா, அது கேட்டுக்கிட்டுதான் இருக்கு"
என்றான் ஆரோக்கியம், சோற்றுத் தட்டோடு.

அடித்தேன்.
வரிவரியாய் என்னவோ இறங்கத் தொடங்கியது.

ஐந்தரைக்கு லாரி.
மூடியைச் சாத்தாமல் கிளம்பினேன்.