நிலுவை

படிவம் மூன்று பக்கம்.
பெயர்: பிரெனோலன் நாயக்கர்.
இடது ஓரம் ஆடுபவன், சட்டை எண் பதினொன்று.
இப்போது இருப்பது டர்பன், போவது பிரிட்டோரியா.
விலகும் காரணம் என்ற கட்டத்துக்குள்
ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறான்,
மைதானத்தின் விளிம்பை ஒட்டியே
மூன்று வருடம் ஓடியவன் இழுக்கும் நேர்கோடு.

விளையாட்டு அலுவலகத்தில் ஜன்னலோரம் என் மேசை.
பிப்ரவரிப் புழுக்கம், ஆனாலும் திறக்க முடியாது.
திறந்தால் குரங்குகள் உள்ளே வரும்,
ரசீதுப் புத்தகத்தைக்கூட விட்டுவைக்காது.
கண்ணாடிக்கு அப்பால் மைதானம்.
போன அக்டோபரில் அவன் அடித்த கோல்
இன்னும் அங்கே தொங்குகிறது,
மதில் நீளத்துக்கு, ஒரு வங்கியின் சின்னத்துக்குக் கீழே.
ஒப்பந்தம் நவம்பர் வரை.

கணக்குப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.
பதாகைக்கு வங்கி தந்தது எந்தத் தலைப்பில் ஏறியது, தெரியும்.
பதினொன்று போட்ட சட்டை எத்தனை விற்றது, தெரியும்.
அவன் உதவித்தொகை முழுக் கட்டணத்துக்கும் வரும்,
விடுதி வாடகையில் பாதிக்கு வரும்.
மற்றப் பாதி நிலுவை:
பதினான்காயிரத்து எண்ணூற்று அறுபது ராண்ட்.
அது தீராமல் மதிப்பெண் சான்று தரக்கூடாது, எங்கள் விதி.
சான்று இல்லாமல் சேர்க்கக்கூடாது, அவர்கள் விதி.
அவன் அம்மா சாட்ஸ்வர்த்தில்
ஒரு சூப்பர்மார்க்கெட் கல்லாவில் நிற்கிறாள்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

நேற்று குழு கூடியது.
சமோசா வரவழைத்தது நான். சமோசாவுக்கும் தலைப்பு உண்டு.
"காசு நுழைந்தால் ஆட்டம் கெடும்" என்றார் ஒருவர், வாயைத் துடைத்தபடி.
"விசுவாசம் என்று ஒன்று இருக்கிறது" என்றார்
பயிற்சியாளர் ஃபான் டோண்டர்.
ப்ளூம்ஃபொன்டெய்னிலிருந்து போன வருடம்தான் வந்தார்,
ஒன்றரை மடங்கு சம்பளத்துக்கு.
அவர் யாரிடமும் விலகல் படிவம் வாங்கவில்லை.
"இவனுக்குக் கொடுத்தால்
ஹாக்கிப் பெண்களுக்கும் கொடுங்கள்,
பெஞ்சைத் தேய்த்த கோலி சிபொனெலோவுக்கும் கொடுங்கள்!"
டாக்டர் ராம்கிஸ்ஸூன் இதைக் கேலியாகத்தான் சொன்னார்.
கூட்டக் குறிப்பில்
கேலியை விட்டுவிட்டு மற்றதை எழுதினேன்.

எனக்கும் கோபம் இல்லாமலில்லை.
சனிக்கிழமைகளில் தொண்டை கட்டக் கத்தியவள் நான்.
பந்து அவன் காலுக்கு வந்ததும்
பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரை உலுக்கி
நம்ம பையன், நம்ம பையன் என்றேன்.
அந்த 'நம்ம'வுக்காக
ஒரு சென்ட் நான் கொடுத்ததில்லை.
டிக்கெட்கூட ஊழியர் பாஸ்.

இன்று காலை வந்தான்.
"ஆன்ட்டி, நிலுவையை அவங்களே கட்டிட்டாங்களாம்."
கணினியில் பார்த்தேன். கட்டியிருந்தார்கள்,
ஒரு ராண்ட் கூடவுமில்லை, குறையவுமில்லை.
விவரம்: கல்வி ஆதரவு.
என்னவோ ஒரு பெயர்.
வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை.
மீட்டார்கள் என்றும் வாய் வரவில்லை.
இரண்டு முறை முத்திரை குத்த வேண்டியிருந்தது,
மை காய்ந்திருந்தது.

"அங்கே போய் மூட்டு போச்சுன்னா?" என்று கேட்டுவிட்டேன்.
"இங்கேயும் போகும் ஆன்ட்டி" என்றான்.
கேட்டிருக்கக் கூடாது.

பிறகு சட்டை.
"இதை வச்சுக்கலாமா?"
மூன்றாம் பக்கம், ஏழாவது பத்தி:
சீருடை பல்கலைக்கழகத்தின் உடைமை,
திருப்பித் தராவிட்டால் முன்னூற்றைம்பது ராண்ட்.
படித்துக் காட்டினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
கைப்பையில் என்னிடம் நானூறு இருந்தது.
மாதம் முடிய ஒன்பது நாள்.
அவனும் பர்ஸைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினான்.

சட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.
துவைத்து மடித்தது.
'பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அலமாரியில் வைக்கத் தூக்கியபோது
கழுத்துப் பட்டை இன்னும் ஈரம்.
இந்த ஊர்க் காற்றில் ஒரே ராத்திரியில்
எதுவும் காய்ந்துவிடாது.
நாற்காலி முதுகில் விரித்துப் போட்டேன்.
நாள் முழுக்கப் பதினொன்றில் சாய்ந்துகொண்டு
மற்றவர்களின் கணக்கைப் பார்த்தேன்.