உயிர்ச் சான்று

நவம்பர் வந்தால்
உயிரோடிருக்கிறேன் என்று கையெழுத்துப் போடவேண்டும்.
மரீன் வீதியில் கொன்சுலா வாசல்,
குடையும் மருந்துச்சீட்டுமாய் எங்கள் வரிசை.
ஒரு காலத்துச் சொல்தாக்கள்,
இப்போது முழங்காலைப் பற்றி மட்டும் போர்க்கதை பேசுகிறவர்கள்.
மூன்றாம் கட்டம், மனைவி: காலமானார்.
நான்காம் கட்டம், பிள்ளைகள்.

அந்தக் கட்டத்தை நான் முதலில் நிரப்பியது
சைகோன் துறைமுகத்தில்.
ஐம்பத்தைந்து. மழை பிடித்திருந்தது.
என் இடப்பக்கம் நின்றாய், லியென்.
பிரெஞ்சு எழுத்து தெரியாது உனக்கு,
யாரோ மீன் ஆய்வதைப் பார்ப்பதுபோல
என் கை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.
மீத்தோவில், உன் அம்மாவிடம், நாலு வயசுப் பெண்.
அவளுடைய சுருட்டை முடி
என்னுடையது அல்லாத ஒரு படைப்பிரிவைச் சேர்ந்தது.
அடுத்த கப்பலில், என்று உன்னிடம் சொன்னேன்.
இல்லை, என்று தாளில் எழுதினேன்.
இரண்டும் ஒரே மூச்சில்.

சலங்கில் இறக்கினார்கள்.
அலையில் உன் செருப்பில் ஒன்று போயிற்று.
புதுச்சேரியை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்,
சோலோனில் பிறந்தவன்,
அப்பாவின் வாயில் மட்டுமே இருந்த ஊர் அது.
ஊருக்குத் திரும்பினவன் என்றார்கள் என்னை.
கூட்டிக்கொண்டு வந்தது என்றார்கள் உன்னை.

தூக்கத்தில் நீ பே, பே என்பாய்.
உங்கள் மொழியில் குட்டி என்று அர்த்தம்.
அத்தைக்குப் பேய் என்று கேட்டது,
கட்டிலைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தாள்.

குருசுக்குப்பத்து நெத்திலி வாங்கி
ஜாடியில் மீனும் உப்புமாய் அடுக்கி
மொட்டைமாடியில் வைத்தாய்.
ஒரு வருஷம் ஊறவேண்டுமாம்.
பதினோராம் மாதம்
பக்கத்து வீட்டு நோத்தேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.
உடைத்தேன்.
தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டாய்,
இன்னும் ஒரு மாதம்தானே?
இன்றைக்கும் வெயில் ஏறினால் மாடி அந்த வாசம் வீசுகிறது.
எலி செத்திருக்கிறது என்கிறான் வெள்ளையடிக்கிறவன்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.
பணம், தாள், அத்தையின் காய்ச்சல்.
காரணம் தீர்ந்தபோது
அங்கே மறுபடி போர் வந்து
எனக்கு உதவி செய்தது.

கன்னியர் மடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கப் போனாய்,
பதிலுக்கு அவர்கள் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள்.
ஒரு ஞாயிறு
குடும்பப் புத்தகத்தை மடியில் வைத்து விரல் ஓட்டினாய்.
விரல் ஓரிடத்தில் நின்றது.
எழுத்துக் கூட்டினாய்.
புத்தகத்தை அரிசிப் பானைக்கு மேலே, இருந்த இடத்திலேயே வைத்தாய்.
அன்று சுறாப்புட்டு.
உப்பு சரியாகவே இருந்தது.
ராத்திரி விளக்கை அணைக்கும்போது
அணைக்கட்டுமா, நீங்கள் தூங்குகிறீர்களா, என்றாய்.
அதுவரை நான் உனக்கு நீ.
அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் நீங்கள்.
தெருவில் மெச்சினார்கள்,
அந்நியக்காரி, ஆனாலும் புருஷனிடம் என்ன மரியாதை.

உப்பளத்துக் கல்லறையில்
மதலேன் என்று வெட்டியிருக்கிறது, ஞானஸ்நானப் பெயர்.
அத்தைக்குக் கடைசிவரை நீ லீலா.
நான் லியென் என்பேன், நீ சிரிப்பாய்,
உன் வாயில் அது வேறு யாரோ, என்பாய்,
சிரித்த காலத்தில்.

இந்த வருஷம் நான்காம் கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்த பெண் நிமிர்ந்தாள்.
பேர் சொல்லுங்க சார்.
பே, என்றேன்.
முழுப் பேரு?

நாலு வயசு தெரியும்.
சுருட்டை முடி தெரியும்.
நான் கேட்கவே இல்லை, லியென்.

பின்னால் யாரோ இருமினார்.
புதுத் தாள் ஒன்றை அவள் என் பக்கம் தள்ளினாள்,
அடித்துத் திருத்தியிருந்தால்
பென்ஷன் நின்றுவிடுமாம்.