டிக்கெட் தின்ற ஆடு

ஞாயிறு காலை ஏழே முக்கால்.
பினாங்குத் துறையில் ஒன்பது பேர்,
இரண்டு பை நாசி லெமாக்,
குமட்டினால் முகர்ந்துகொள்ள
புனிதவதி அத்தையின் எலுமிச்சம்பழம்.
அண்ணன் அச்சடித்துக் கொண்டுவந்த டிக்கெட்டுகள்,
போகவும் வரவும்.

பழைய நீராவிக் கப்பல்.
மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும்
அதற்கு மூச்சுவிட அனுமதி.
புகைபோக்கி முதல் இருமல் இருமியதும்
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
அப்பா மட்டும்,
"அழுத்தம் பத்தல" என்றார்.

இருபத்தெட்டு வருஷம் இதன் அடிவயிற்றில்
எண்ணெய் ஊற்றியவர்.
மேல்தளத்தில் உட்காருவது இன்றுதான்.
நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்
கடலுக்கு முதுகு காட்டி.
நாங்கள் பாலத்தைப் படம் பிடித்தோம்,
ஜெல்லி மீன்களை எண்ணினோம்.
அவர் செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளங்காலால் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

அக்கரையில் வேன். அரை மணி நேரம்.
மெங்குவாங் ஏரியோரம் ஆட்டுப் பண்ணை.
"வாங்க வாங்க, கை கழுவுங்க"
என்று ஆ லெங் தமிழில் வரவேற்றார்.
மலை தலைகீழாகத் தண்ணீரில் கிடந்தது.
ஓர் அலை இல்லை.
அப்பா வெகுநேரம் பார்த்தார்:
"இந்தத் தண்ணிக்கு வேலையே இல்லையா?"

பால் குடித்தோம், சூடாக, கொஞ்சம் வீச்சத்தோடு.
கவினேஷுக்குப் புல் நீட்டக் கற்றுக்கொடுக்க
அண்ணன் குனிந்தான்.
அவன் பின்பையிலிருந்து
ஒரு பழுப்பு ஆடு உருவியது,
மென்றது,
அவசரமே இல்லாமல்.
அண்ணி கத்தினாள், ஆட்டைப் பார்த்து அல்ல.
"காகிதம்தானே" என்றார் ஆ லெங்,
"போன வாரம் ஒரு தொப்பி."

சாயங்காலம் துறைமுகக் கவுண்டரில்
ஆடு தின்றுவிட்டது என்பதை
அண்ணன் மலாயில் மூன்று விதமாகச் சொன்னான்.
அந்தப் பெண் மூன்று முறையும் சிரித்தாள்.
விதி விதிதான்.

அப்பா அவனை விலக்கிவிட்டு நின்றார்.
கசங்கிய ரிங்கிட்டுகளை நீவி நீவி வைத்தார்.
"ஒன்பது."
எட்டை எங்களிடம் கொடுத்தார்.
ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் போட்டுப்
பொத்தானும் மாட்டினார்.

கப்பல் விலகியதும்
நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பினார்.
இருட்டிவிட்டிருந்தது.
எதிரே கறுப்பு, தூரத்தில் யாருடையதோ
மீன்பிடி விளக்கு, பிறகு அதுவும் இல்லை.
காற்றில் அத்தை தூங்கிவிட்டாள்,
எலுமிச்சம்பழம் உருண்டு போனது.

"ஒண்ணுமே தெரியலையே தாத்தா, உள்ளே வாங்க"
என்று கவினேஷ் கையைப் பிடித்து இழுத்தான்.

அப்பா அசையவில்லை.
"இருப்பா," என்றார்,
"காசு கொடுத்திருக்கேன்ல."