தென்மேற்கே மூன்று மைல்

பீக்கோ தீவின் இந்தச் சின்னத் துறைமுகத்தில்
மூன்று கம்பெனி, பதினொரு படகு.
திமிங்கிலம் எல்லாருக்கும் பொது.
அது எங்கே என்பதுமட்டும் தொழில் ரகசியம்.

ஓர்லாந்து ரேடியோவில் "வடக்கே" என்றால்
தெற்கே திருப்பு என்று அர்த்தம்.
இது எங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தபின்
சில நாள் உண்மையும் சொல்வான்.

ஜூலையில் ஒரு செவ்வாய். கரையெல்லாம் மூடுபனி.
நடுக்கடலில் டெல்மிராவின் என்ஜின் படுத்துவிட்டது.
நீருக்குள் இறக்கிய மைக்கில் மட்டும்
டக், டக், டக்,
நனைந்த தீக்குச்சியை யாரோ விடாமல் உரசுவதுபோல.

இருபத்திரண்டு பயணிகள். ஒருத்திக்கு வாந்தி.
பொதுச் சேனலைத் திறந்தாள்:
"தென்மேற்கே மூன்று மைல். குட்டியும் இருக்கிறது.
நீங்களாவது காட்டுங்கள்.
திரும்பும்போது என்னை இழுத்துப் போங்கள்."

வெகுநேரம் இரைச்சல்தான்.
ஓர்லாந்து வடகிழக்கே போனான்.
ஜெனுவீனா வந்தாள்,
நம்பி அல்ல,
டீசல் குறைவு, அதுதான் கிட்டத்துத் திசை.

இப்போது காப்பிக்கடைச் சுவரில் ஒரு வரைபடம்,
மூன்று நிறத்தில் குண்டூசிகள்.
மைக்கை எத்தனை மீட்டர் இறக்குவது என்று
டெல்மிராவின் குறிப்பு.
அதன் அடியில், பெயரில்லாமல்:
"கயிற்றில் ரப்பர் சுற்று. இரைச்சல் பாதியாகும்."
எழுத்துப்பிழையிலேயே ஆள் தெரிந்துவிட்டது.

பச்சைக் குண்டூசிகள் மட்டும்
இன்றைக்கும் அரை மைல் தள்ளியே குத்தியிருக்கின்றன.
பரவாயில்லை,
கழித்துக்கொள்கிறோம்.